அயர்ன் சூடாவதற்கு முன் ஒரு மணி நேரம்

எலக்ட்ரானிக்ஸ் கிட் பாக்கெட்டைக் கிழித்ததும் கை தானாக சால்டரிங் அயர்ன் பக்கம் போகும். போகட்டும், ப்ளக்கை மட்டும் இப்போது சொருக வேண்டாம். அறுபது எழுபது பாகம் உள்ள ஒரு கிட்டைப் பிரித்து, எண்ணி, அளந்து, அடுக்கி வைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இடம் மாறிப் பற்றவைத்த ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) கழற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் தப்பு அந்த ரெசிஸ்டரில்தான் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். இருபக்க போர்டாக இருந்தால் துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சும் காலோடு சேர்ந்து உரிந்து வரலாம். அப்புறம் அந்த இடத்துக்கு ஒயர் இழுத்து ஒட்டுப்போட வேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. போர்டில் ஏறிவிட்ட பாகத்தைத் தனியாக அளக்க முடியாது. 10 கே (அதாவது 10,000 ஓம்) ரெசிஸ்டருக்கு இணையாக வேறொரு பாதை ஓடினால் மல்டிமீட்டர் 3 கே என்று காட்டும். மீட்டரும் பொய் சொல்லவில்லை, ரெசிஸ்டரும் கெடவில்லை. சந்தேகம் மட்டும் மிஞ்சும். தனியாகக் கையில் இருக்கும்போது அளந்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

பலர் செய்வது வெறும் எண்ணிக்கை. கிட்டோடு வரும் பாகப் பட்டியலில் 10 கே ஆறு, பையிலும் ஆறு, டிக். இது பாதி வேலைகூட இல்லை. எண்ணினால் பாகம் குறைகிறதா என்றுதான் தெரியும். குறைந்தால் போர்டில் துளை காலியாக நின்று தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்தானது ஆள்மாறாட்டம்: 120 ஓம் போய் 10 கே இடத்தில் உட்கார்ந்துகொள்வது, ரெகுலேட்டர் போய் டிரான்சிஸ்டர் இடத்தில் நின்றுகொள்வது. இதற்கு ஒரே வழி மூன்று சாட்சி. பட்டியல் என்ன சொல்கிறது, பாகத்தின் மேல் என்ன போட்டிருக்கிறது, மீட்டர் என்ன காட்டுகிறது. மூன்றும் ஒரே பதில் சொன்னால் டிக். ஒன்று முரண்டு பிடித்தாலும் அந்தப் பாகம் தனிக் கிண்ணத்துக்குப் போக வேண்டும். "பரவாயில்லை, அதுவாகத்தான் இருக்கும்" என்று மற்றதோடு சேர்க்கக் கூடாது.

மேசையும் பட்டியலும்

விளிம்பு உள்ள தட்டு ஒன்று, உள்ளே வெள்ளைத் தாள். வெட்டிய கால் தெறிக்கும், 1என்4148 டயோடு உருளும். விளிம்பு இல்லாவிட்டால் இரண்டும் தரைக்குத்தான். பூந்துவாலை விரிக்காதீர்கள், நூலில் கால் மாட்டிக்கொள்ளும். பிரித்ததைப் போட முட்டை அட்டை, ஐஸ் ட்ரே எதுவானாலும் சரி. விளக்கு வெள்ளையாக இருக்கட்டும். மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும். பொடி எழுத்துக்கு போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்ல லென்ஸுக்குச் சமம்.

மீட்டரில் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான மீட்டர்கள் பேட்டரி இறங்கினால் அளவைத் தப்பாகக் காட்டும், அதுவும் நம்பும்படியாகக் காட்டும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 முதல் 0.5 ஓம் வரை வருவது ஒயரின் தடை. 10 ஓமுக்குக் கீழே அளக்கும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து பட்டியல். பெரும்பாலான கிட்களில் அது ஆர்1, ஆர்2, ஆர்3 என்று போர்டில் உள்ள இட எண் வரிசையில் இருக்கும். பற்றவைக்க அது வசதி, சரிபார்க்க வசதியில்லை. ஒரு தாளில் மதிப்பு வாரியாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்: 10 கே, ஆறு, ஆர்3 ஆர்4 ஆர்9 ஆர்12 ஆர்13 ஆர்20. எல்லா மதிப்பையும் எழுதி முடித்ததும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை போர்டில் அச்சடித்திருக்கும் மொத்த ரெசிஸ்டர் இடங்களோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பட்டியலிலேயே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது போர்டு ஒரு பதிப்பு, பட்டியல் இன்னொரு பதிப்பு. போர்டின் மூலையில் பதிப்பு எண் இருக்கும், அதைப் பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாக்கெட்டுக்குள் மடித்த துண்டுச்சீட்டு ஏதாவது இருந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். "ஆர்7 இனி 2.2 கே அல்ல, 3.3 கே" என்கிற மாதிரித் திருத்தங்கள் அதில்தான் வரும்.

சின்னச் சின்னப் பைகளை எல்லாம் ஒரே நேரத்தில் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். பையின் மேல் ஒட்டிய சீட்டும் ஒரு சாட்சிதான்; கொஞ்சம் பலவீனமான சாட்சி, அவ்வளவுதான். ஒரு பை, ஒரு வேலை, முடிந்ததும் அடுத்தது.

ரெசிஸ்டர்: நேரம் பாதி இங்கேதான்

நிறக் குறி எல்லோருக்கும் மனப்பாடம்: கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு பட்டை உள்ள 5 சதவீத (மதிப்பு அவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்) ரெசிஸ்டரில் கடைசியில் தங்கப் பட்டை இருப்பதால் எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில் குழப்பமே இல்லை. எந்த மதிப்பும் தங்கத்தில் தொடங்காது.

தொல்லை ஐந்து பட்டை உள்ள 1 சதவீத ரெசிஸ்டரில். அதில் கடைசிப் பட்டை பழுப்பு. 10 கே ஒன்றைக் கையில் எடுங்கள்: பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. 100 என்ற எண், அதற்கு இரண்டு சுழியம், 10,000 ஓம். அதையே திருப்பிப் பிடியுங்கள்: பழுப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. இப்போது அது 120 ஓம், 1 சதவீதம். இரண்டுமே சந்தையில் கிடைக்கும் மதிப்பு, இரண்டுமே ஒரே கிட்டில் வரக்கூடியது. 1 கே திரும்பினால் 110 ஓம். 100 கே திரும்பினால் 130 ஓம். கடைசிப் பட்டைக்கு முன் இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்பார்கள்; கால் வாட் (0.25 வாட்) ரெசிஸ்டரின் அளவில் அந்த இடைவெளியைக் கண்ணால் பிரிப்பது பல நேரம் ஜோசியம்தான். 240 ஓமைத் திருப்பினால் வருவது 1 மெகா ஓம், 2 சதவீதம். கண் இந்த இடத்தில் சாட்சி ஆகாது, மீட்டர்தான்.

நீல நிற உடம்புள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் இன்னொரு கண்கட்டு உண்டு. 4.7 கே என்பது மஞ்சள், ஊதா, கருப்பு, பழுப்பு, பழுப்பு. 47 கே என்பது மஞ்சள், ஊதா, கருப்பு, சிவப்பு, பழுப்பு. வித்தியாசம் நான்காவது பட்டையில் மட்டும், அதுவும் நீலப் பின்னணியில் அடையாளம் காண மிகக் கஷ்டமான பழுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே. பத்து மடங்கு வித்தியாசம் ஒரு நிறமங்கலில் தொங்குகிறது. ஆகவே ஒரு மதிப்புக்கு ஒன்று அளந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே டேப் துண்டில் வரிசையாக ஒட்டி வந்தவை என்றால் ஒன்றிரண்டு அளந்தால் போதும். உதிரியாக வந்திருந்தால் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும்.

இதனால் என்ன ஆகிவிடும் என்பதற்கு ஒரு கணக்கு. எல்எம்317 என்கிற ரெகுலேட்டர் ஐசி வைத்த பவர் சப்ளை கிட்டில் வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 240 ஓம், அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 5 கே பாட் (திருப்பினால் தடை மாறும் ரெசிஸ்டர்). பாட்டை ரெசிஸ்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 1.25ஆல் பெருக்கினால் வருவது வெளியீட்டு வோல்ட். 240 ஓமுடன் கணக்குப்படி 27 வோல்ட் வரை ஏறலாம், உள்ளீடு இடம் கொடுத்தால். அந்த 240 இடத்தில் 2.4 கே உட்கார்ந்தால் பாட்டை முழுக்கத் திருப்பினாலும் 3.85 வோல்ட்டுக்கு மேல் போகாது. ஐசி போலி, டிரான்ஸ்ஃபார்மர் மட்டம் என்றெல்லாம் பழி போகும். காரணம் ஒரே ஒரு பட்டை: கருப்புக்குப் பதில் பழுப்பு.

அளக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். இரண்டு காலையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அளந்தால் உங்கள் உடம்பும் இணையாகச் சேர்ந்துவிடும். 1 கே அளவில் தெரியாது. 470 கே, 1 மெகா ஓமில் எண் கணிசமாக இறங்கும், ஈரக் கையானால் இன்னும் மோசம். காலைத் தட்டில் வைத்து முனையால் அழுத்துங்கள், அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடியுங்கள். 1 சதவீத 10 கே, 9.87 என்று காட்டினால் தூக்கி எறிய வேண்டாம். சாதாரண மீட்டரின் சொந்தப் பிழையே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். நமக்கு வேண்டியது அது 10 கேதானா, 120 ஓமா என்பது.

ரெசிஸ்டர் போலவே இருந்து ரெசிஸ்டர் அல்லாதவை இரண்டு. நடுவே ஒற்றைக் கருப்புப் பட்டை மட்டும் இருந்தால் அது சுழிய ஓம், வெறும் ஜம்பர். கொஞ்சம் குண்டாக, பெரும்பாலும் பச்சை உடம்போடு நிறப் பட்டைகளும் இருந்து மீட்டரில் சில ஓம் மட்டுமே காட்டினால் அது இண்டக்டர். பட்டை சொல்வது மைக்ரோஹென்றி. இதை ரெசிஸ்டர் பையில் கண்டால் தவறி விழுந்ததாக நினைத்துத் தனியே வையுங்கள்.

டேப்பிலிருந்து எடுக்கும்போது காலை இழுத்துப் பிடுங்காதீர்கள். டேப்பின் கோந்து கால் நுனியில் ஒட்டிக்கொண்டு துளைக்குள் வரும், ஈயம் அங்கே பிடிக்காது. டேப்புக்கு உட்பக்கம் வெட்டிவிடுவதுதான் சுத்தம். ஆனால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், எல்இடி ஆகியவை டேப்பில் வந்தால் வேறு கதை: வெட்டியதும் இரண்டு காலும் ஒரே நீளமாகிவிடும். நீளமான கால் பாசிட்டிவ் என்கிற அடையாளம் அங்கேயே போய்விட்டது. அவற்றில் நெகட்டிவ் காலை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி வைப்பது நல்ல பழக்கம்.

கெபாசிட்டர்

செராமிக் டிஸ்கில் மூன்று இலக்கம்: முதல் இரண்டு எண், மூன்றாவது எத்தனை சுழியம், அலகு பிகோஃபாரட். 104 என்றால் 1,00,000 பிகோஃபாரட், அதாவது 100 நானோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். பட்டியலில் இந்த மூன்று விதத்தில் எது வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள். 100 என் ஆறு, 0.1 யூ இரண்டு என்று தனித்தனி வரியில் போட்ட பட்டியலும் உண்டு. இரண்டும் ஒன்றுதான், பையில் எட்டு ஒரே மாதிரி இருக்கும். 103 என்றால் 10 நானோ, 102 என்றால் 1 நானோ.

சிக்குவது 220. வெறும் 22 என்று போட்டிருந்தால் 22 பிகோ. 220 என்று போட்டிருந்தாலும் வழக்கமாக அதே 22 பிகோதான், சுழியம் எதுவும் சேராது என்று பொருள். 220 பிகோ வேண்டுமென்றால் 221 என்று இருக்கும். கிரிஸ்டலின் இரு பக்கமும் 22 பிகோ போட வேண்டிய இடத்தில் 220 பிகோ போட்டால் ஆசிலேட்டர் தொடங்காமலே நிற்கலாம், அல்லது ஒரு நாள் தொடங்கி மறுநாள் மக்கர் பண்ணும். மீட்டரில் கெபாசிட்டன்ஸ் வசதி இருந்தால் இங்கே பயன்படுத்துங்கள். 22 பிகோ அளக்கும்போது ஒயரே சில பல பிகோ காட்டும். முதலில் பாகம் இல்லாமல் வருவதைக் குறித்துக்கொண்டு கழியுங்கள்.

ஃபிலிம் கெபாசிட்டரில் 2ஏ104ஜே என்று இருந்தால் 2ஏ என்பது 100 வோல்ட், 104 மதிப்பு, ஜே என்பது 5 சதவீதம். 1எச் என்றால் 50 வோல்ட். முதல் இரண்டு எழுத்தை மதிப்போடு சேர்த்துப் படித்துக் குழம்புகிறவர்கள் நிறைய. மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே வரும் கெபாசிட்டரின் மேல் எக்ஸ்2 என்ற குறியும் ஏசி வோல்ட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். 400 வோல்ட் டிசி என்று போட்ட சாதாரண ஃபிலிம் கெபாசிட்டர் அதற்கு மாற்று ஆகாது. இந்த ஒரு பாகத்தில் சமாதானமே கூடாது. இல்லாவிட்டால் கிட்டை அப்படியே மூடி வையுங்கள்.

எலக்ட்ரோலிட்டிக்கில் மதிப்பு நேராக எழுதியிருக்கும், பட்டை பக்கம் நெகட்டிவ். டாண்டலம் என்கிற கெபாசிட்டர் வகையில் நேர் எதிர்: பட்டை அல்லது கூட்டல் குறி இருக்கும் பக்கம் பாசிட்டிவ். ஒரே கிட்டில் இரண்டும் வந்தால் டாண்டலம் எல்லாவற்றையும் தனிக் குழியில் போட்டு மேலே கூட்டல் குறி எழுதிவிடுங்கள். தலைகீழாகப் போட்ட டாண்டலம் சூடாவதோடு நிற்காது, நேராகத் தீப்பிடிக்கலாம்.

வோல்ட்டையும் பாருங்கள், மதிப்போடு நிறுத்திவிடாதீர்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் என்றால் உச்ச வோல்ட் 12 பெருக்கல் 1.414, கிட்டத்தட்ட 17. டயோடு இரண்டில் 1.4 கழிந்தாலும் 15.6. லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் எழுதியதைவிடக் கூடுதலாகவே தரும். ஆகவே 16 வோல்ட் கெபாசிட்டர் அங்கே கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறது. 25 வோல்ட் வேண்டும். பையில் 16 வோல்ட் இருந்தால் கிட் போட்டவரே தவறியிருக்கலாம். 25க்குப் பதில் 35 வந்தால் பிரச்சினையில்லை, கால் இடைவெளியும் உயரமும் உட்காருமா என்று போர்டில் வைத்துப் பாருங்கள். மீட்டரில் 1000 மைக்ரோ என்பது 800 முதல் 1200 வரை எதைக் காட்டினாலும் சரிதான், பொறுத்தல் அளவு 20 சதவீதம்.

டயோடும் மூன்று கால் பாகங்களும்

டயோடில் பட்டை உள்ள பக்கம் கேத்தோடு (நெகட்டிவ் முனை). மீட்டரை டயோடு நிலையில் வைத்தால் சாதாரண சிலிக்கான் டயோடு 0.5 முதல் 0.7 வோல்ட், ஷாட்கி வகை 0.15 முதல் 0.3 வரை காட்டும். 1என்4007ம் 1என்5819ம் கருப்புடம்பு, சாம்பல் பட்டை, ஒரே அளவு. எழுத்து தேய்ந்திருந்தால் மீட்டர் ஒரே நொடியில் பிரித்துவிடும்.

ஆனால் கண்ணாடி உடம்புள்ள 1என்4148க்கும் அதே கண்ணாடி உடம்புள்ள சின்ன ஸீனருக்கும் (குறிப்பிட்ட வோல்ட்டில் பின்பக்கமாகத் திறக்கும் டயோடு) இந்தச் சோதனை உதவாது. முன்பக்கமாக இரண்டுமே 0.7 பக்கம்தான் காட்டும். ஸீனரின் மேல் 5வி1 என்று இருந்தால் 5.1 வோல்ட், படிக்க முடியாவிட்டால் 9 வோல்ட் பேட்டரி, 1 கே ரெசிஸ்டர், டயோடு மூன்றையும் தொடராகக் கோத்து, டயோடின் பட்டைப் பக்கத்தைப் பாசிட்டிவ் நோக்கி வைத்து அதன் குறுக்கே அளங்கள். 5 வோல்ட் பக்கம் நின்றால் 5.1 ஸீனர். முழு 9 வோல்ட்டும் வந்தால் 1என்4148, அல்லது 9க்கு மேற்பட்ட ஸீனர். பின்னதற்கு இன்னும் உயர்ந்த சப்ளை வேண்டும். ஸீனர் இடத்தில் 1என்4148 போனால் பாதுகாக்க வேண்டிய உள்ளீட்டைப் பாதுகாக்க ஆளே இருக்காது. ஆனால் சர்க்யூட் அதுவரை ஒழுங்காகவே வேலை செய்யும், அதுதான் இதில் மோசம்.

நிறமற்ற கண்ணாடித் தலை எல்இடிகளை எரியவிட்டுத்தான் நிறம் சொல்ல முடியும். சிவப்பு மீட்டரின் டயோடு நிலையிலேயே மங்கலாக எரியும். நீலமும் வெள்ளையும் சில மீட்டர்களில் எரியாது, சோதிக்கும் வோல்ட் போதாது. அதற்காகக் கெட்டது என்று ஒதுக்காமல் 9 வோல்ட்டும் 1 கேயும் தொடராக வைத்துப் பாருங்கள்.

டிஓ–92 என்கிற அரைவட்டக் கருப்புக் குட்டி உடம்பு இருக்கிறதே, கிட்டில் பெரிய வேஷதாரி அதுதான். பிசி547 அதே உடம்பு, பிசி557 அதே, 2என்7000 மாஸ்ஃபெட் அதே, 78எல்05 ரெகுலேட்டர் அதே, எல்எம்35 வெப்ப சென்சாரும் அதே. எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாகப் படுக்கவைத்து, எழுத்தைச் சாய்வெளிச்சத்தில் படித்து, டேப்பால் ஒட்டிப் பக்கத்தில் பெயர் எழுதுங்கள். 547க்கும் 557க்கும் ஒரே இலக்க வித்தியாசம். ஒன்று என்பிஎன், மற்றது பிஎன்பி. டயோடு நிலையில் சிவப்பு முனையைப் பேஸில் (இவற்றில் நடுக் கால்) வைத்து மற்ற இரண்டு காலிலும் 0.6, 0.7 வந்தால் என்பிஎன். கருப்பு முனையைப் பேஸில் வைக்கும்போது வந்தால் பிஎன்பி.

கால் வரிசையும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால் கீழே: பிசி547 இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்திருந்தால் போர்டில் திருப்பிப் போட வேண்டும். ரெகுலேட்டரிலும் இதே கதை. 7805 எழுத்துப் பக்கம் பார்க்க உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு. அதன் தம்பி 78எல்05 வெளியீடு, கிரவுண்டு, உள்ளீடு. 7905 கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு, அதன் உலோக முதுகு கிரவுண்டு அல்ல, உள்ளீடு. எல்எம்317 முதுகு வெளியீடு. ஒரே ஹீட்சிங்கில் இரண்டைப் பொருத்தச் சொல்லும் கிட்டில், அந்த முதுகுகள் ஒன்றோடொன்று இணையாமல் தடுக்கும் மைக்கா அல்லது சிலிக்கோன் வாஷரும், திருகுக்கான பிளாஸ்டிக் புஷ்ஷும் பையில் இருக்கிறதா என்று இப்போதே எண்ணுங்கள். அவை ரெசிஸ்டரைவிட அதிகம் விட்டுப்போகும் பொருட்கள்.

மாஸ்ஃபெட்டை மீட்டரில் பார்க்கும்போது டிரெயினும் சோர்ஸும் ஷார்ட் என்று காட்டினால் உடனே ஒதுக்காதீர்கள். மீட்டரே கேட்டை சார்ஜ் செய்து அதைத் திறந்துவிட்டிருக்கலாம். மூன்று காலையும் ஒரு கணம் ஒன்றாகச் சேர்த்துத் தொட்டு மறுபடி அளங்கள். பெயரில் ஒரு எழுத்தையும் கவனியுங்கள்: ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட் கேட்டில் ஒழுங்காகத் திறக்கும், ஐஆர்எஃப்இசட்44என் முழுக்கத் திறக்க 10 வோல்ட் கேட்கும். மைக்ரோகன்ட்ரோலர் நேரடியாக ஓட்டும் இடத்தில் பின்னதைப் போட்டால் மோட்டார் ஓடும், மாஸ்ஃபெட் தோசைக்கல்லாகும்.

ஐசி, கிரிஸ்டல், மற்ற சில்லறைகள்

ஐசிகளைக் கடைசி வரை அவை வந்த கருப்பு ஃபோமிலோ குழாயிலோ விடுங்கள். தெர்மாகோலில் குத்தி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரெசிஸ்டருக்கு அது நல்ல அடுக்கு. சிமாஸ் ஐசிக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் அது நிலைமின் தொழிற்சாலை. மேல் எழுதியதில் பெரிய வரிதான் பெயர். 2214 மாதிரித் தனியே நிற்கும் நான்கு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டும் வாரமும், 2022இன் 14ஆவது வாரம். 74எச்சி, 74எச்சிடி, 74எல்எஸ் மூன்றும் எண் ஒன்றானாலும் உள்ளீட்டு வோல்ட் எல்லைகள் வேறு, பட்டியலில் உள்ள எழுத்துகள் அப்படியே வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மைக்ரோகன்ட்ரோலர் இருந்து, மேலே வெவ்வேறு ஸ்டிக்கர் இருந்தால் உள்ளே புரோகிராம் வேறு வேறு. அந்த ஸ்டிக்கரைத் தவிர வேறு அடையாளமே கிடையாது, உரிக்காதீர்கள்.

கிரிஸ்டலின் தகரத்தில் 16.000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 12.000 இருந்தால் சர்க்யூட் ஓடும், ஆனால் முக்கால் வேகத்தில். ஒரு நொடி 1.33 நொடியாகும், சீரியல் போர்ட்டில் குப்பை எழுத்து வரும். மீட்டரால் இதைப் பிடிக்க முடியாது, எழுத்தைப் படிப்பதுதான் சோதனை.

ரிலேயில் கம்பிச் சுருளின் வோல்ட்டைப் படித்து, அதன் தடையை அளங்கள்; சர்க்கரைக் கட்டி அளவு ரிலேக்களில் 5 வோல்ட் ஏறக்குறைய 70 ஓம், 12 வோல்ட் ஏறக்குறைய 400 ஓம். நான்கு கால் புஷ் பட்டனில் இரண்டிரண்டு கால் எப்போதும் சேர்ந்தே இருக்கும், மீட்டரின் பீப் நிலையில் மூலைவிட்டமாக அளந்தால் அழுத்தும்போது மட்டும் சத்தம் வரும். ஃப்யூஸில் டி என்றால் மெதுவாகப் போவது, எஃப் என்றால் சட்டென்று போவது. ஸ்விட்ச் போட்டதும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கணம் இழுக்கும் அதிக மின்னோட்டத்தை எஃப் தாங்காது. பாட்டை ஒரு முறை முழுக்கத் திருப்பி நடுக்காலில் எண் துள்ளாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். டெர்மினல் பிளாக், கனெக்டர்களை அளக்க வேண்டியதில்லை, போர்டில் வைத்துப் பார்த்தால் போதும். 2.54க்குப் பதில் 2.50 மில்லிமீட்டர் இடைவெளி வந்திருந்தால் மூன்று காலில் உட்கார்ந்துவிடும், பதினாறு காலில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும்.

எல்லாப் பாகத்திலும் காலின் பளபளப்பைப் பாருங்கள். மங்கிக் கருத்த காலில் ஈயம் உருண்டு நிற்கும், பிடிக்காது. பென்சில் ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும். தேய்த்தும் கருமை போகாவிட்டால் பழைய சரக்கு.

வெறும் போர்டையும் ஒரு பாகமாகவே நடத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இரண்டு டிராக்குக்கு நடுவே செம்பு இழை ஏதும் பாலம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சப்ளை பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளங்கள். எதுவும் பொருத்தாத போர்டில் அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. இப்போது பீப் சத்தம் வந்தால் குற்றவாளி போர்டு மட்டும்தான். எழுபது பாகம் ஏறிய பிறகு வந்தால் சந்தேகப் பட்டியலில் எழுபத்தொன்று.

தனிக் கிண்ணத்தில் சேர்ந்தவற்றுக்கு மாற்றுத் தேடும்போது இடத்தைப் பார்த்து முடிவெடுங்கள். எல்இடிக்கு 470 ஓம் இல்லையென்றால் 560 போடலாம், வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஐசி பக்கத்து 100 நானோவுக்கு 220 நானோ போடலாம். 555 டைமர் ஐசியின் நேரம் குறிக்கும் ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஆம்ப்ளிஃபையரின் ஃபீட்பேக் ரெசிஸ்டர், எல்எம்317இன் அந்த 240 ஆகிய இடங்களில் பட்டியல் சொன்னதுதான் வேண்டும்; வாங்கும் வரை காத்திருங்கள்.

கூடுதலாக வந்தவற்றையும் அதே தாளில் எழுதுங்கள்: 1 கே இரண்டு அதிகம், 104 ஒன்று அதிகம். வேலை முடிந்ததும் தட்டில் மிஞ்சுவது இந்தக் கணக்கோடு பொருந்த வேண்டும். 1 கே இரண்டு மிஞ்ச வேண்டிய இடத்தில் மூன்று மிஞ்சி, போர்டில் காலித் துளையும் இல்லையென்றால், வேறொரு ரெசிஸ்டர் 1 கே இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சப்ளை கொடுப்பதற்கு முன் அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.